இன்னொரு நான்கு நிமிடம்

ரொங்குடோ முனையில் டிசம்பரில்
விடிவதே ஒன்பது மணிக்கு.
முக்காலியின் காலுக்கொன்றாய்
கூழாங்கல் நிரப்பிய பைகளைக் கட்டினேன்.
பத்துக் கோடிப் புள்ளி வாங்கும் கேமரா.
பக்கத்தில் ஒருவர் இருமினால்கூடப்
படத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டல்காரர்கள் கேட்டது ஒரே சொல்: அமைதி.
வரவேற்பறைச் சுவருக்கு, மூன்று மீட்டர் அகலம்,
கடல் பாலாக வேண்டும்,
ஆள் கூடாது.

ஆட்கள் இருந்தார்கள்.
கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்,
கொட்டலசு கிலோ நூற்றைம்பது யூரோவுக்குப் போகிற வாரம்.
பாறையின் கீழ்முகத்தில் ஷெர்மான்,
இடுப்பில் கயிறு, கையில் சுரண்டி.
கயிற்றின் மறுமுனை அவன் தங்கை டோசிண்டாவிடம்,
மேலே, செத்தவர்களுக்கு நட்ட வெள்ளைச் சிலுவைகளின் பக்கத்தில்.
"கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா?"
அவள் திரும்பவில்லை.
கடலுக்குத்தான் முதுகு காட்டக் கூடாது,
எனக்குக் காட்டலாம் போலும்.

சரி என்று கறுப்புக் கண்ணாடியைச் செருகினேன்.
நான்கு நிமிடம் திறந்து வைத்தால்
அசைகிற எதுவும் தங்காது.
அலை, கடற்காகம், ஷெர்மான்.
காசில்லாமல், சண்டையில்லாமல்
ஆளை அகற்ற இதைவிட நல்ல வழி கிடையாது.

திறந்தேன்.
கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
இருநூற்று நாற்பது வரை எண்ணினேன்.
மூடியது.

இந்தக் கேமராவுக்கு ஒரு வழக்கம்.
நான்கு நிமிடம் பார்த்தால்
இன்னொரு நான்கு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளும்.
தன் இருட்டைத் தானே படமெடுத்து
அங்கே மினுங்கும் பொய்ப்புள்ளிகளை
முதல் படத்திலிருந்து கழிக்கும்.
கணக்கு முடியும்வரை
எதையும் காட்டாது. எதையும் வாங்காது.

அப்போதுதான் வந்தது.
டோசிண்டா ஒரே ஒரு சொல் கத்தினாள்.
பாறை இருந்த இடத்தில் வெள்ளை.
கயிறு விறைத்தது,
அவள் குதிகால் சறுக்கிப் போய்
ஒரு சிலுவையின் அடியில் முட்டி நின்றது.
ஓடிப்போய் நானும் பிடித்தேன்.
பிடித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்,
கயிறு என் உள்ளங்கை வழியே ஓடியது, அவ்வளவுதான்.
இழுத்தது அவள்.

ஷெர்மான் ஏறி வந்தான், மூக்கில் ரத்தம்.
குனிந்து முதலில் பையைத்தான் பார்த்தான்.
"முக்கால் கிலோ போச்சு."
டோசிண்டா ஒரு அறை விட்டாள்.
பிறகு அவன் இடுப்பு முடிச்சை
இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.
அவன் மறுபடி இறங்கினான்.

முக்காலி மேல் சிவப்பு விளக்கு,
இன்னும் நாற்பது நொடி என்றது.

இரவு, கோர்மேயில் வாடகை அறை.
வலது கையில் கட்டு, இடது கையால் மவுஸ்.
முழு அளவுக்குப் பெரிதாக்கி
மூலை மூலையாகப் போனேன்.
கடல் பால்தான், கேட்டபடியே.
ஷெர்மான் இல்லை.
பாறை இடுக்கில் ஒரு நீலக் கறை,
அவன் உடையாக இருக்கலாம், நிழலாகவும் இருக்கலாம்.

வலது ஓரத்தில் டோசிண்டா
கரையவில்லை.
பூட்ஸ் இரண்டும் கல்லைப்போலக் கூர்மை.
தோள் விளிம்பில் மட்டும் மூச்சு விட்ட அளவுக்கு மங்கல்.
கயிறு அவள் கைக்குள் ஒரு கோடு,
இரண்டு முழம் தள்ளிப் புகை.
முகம் இல்லை.
அலை வரும் திசையெல்லாம்
தலையைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஓட்டலிலிருந்து பதில் வந்தது:
அற்புதம், இப்படித்தான் நினைத்தோம்,
வலது ஓரத்துத் தூசியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

எடுக்க ஒரு நொடி போதும்.
பத்துக் கோடியில் அவள் பங்கு நாற்பதாயிரம் புள்ளி,
சுவரில் அரைச் சாண் உயரம்.

கழித்த இருட்டைக் கேமரா எங்கே வைக்கிறது என்று
கையேட்டில் தேடினேன்.
வைப்பதில்லையாம்.

தூசி இல்லை, என்று இடது கையால் தட்டினேன்.
பில்லில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்:
கொட்டலசு, முக்கால் கிலோ,
நூற்றுப் பன்னிரண்டரை யூரோ.